செமி பைனலுக்குப் பூட்ஸ்

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு பஸ் கம்பியை நான் பிடித்த பிடியில் அந்தப் பல்லுக்கே என்மேல் இரக்கம் வந்திருக்கும். முன் சீட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பந்தாட்டக்காரர்கள் இருவர். ஒருவர் கோல் காக்கிறவர். மற்றவர் அவர் தங்கச்சியைக் கட்டியவர், கோல் போடுகிறவர்.

"நீ பூட்ஸ் போட்டா தோத்துருவோம், மாப்ள."

"ஒன் தங்கச்சி ஆசையா வாங்கித் தந்தது, மச்சான்."

"வரிசையா வெறுங்கால்லதானே ஜெயிச்சுக்கிட்டு வாறோம்? செமி பைனல் நேரத்துல அந்த ஓட்டத்தக் கெடுக்காத. ஜெயிச்சிட்டு வந்து லயத்து வீட்டுல மாட்டிக்கிட்டு நட."

"நான் தூங்கையில நூலால காலை அளந்து, ஹட்டனுக்கு நடந்தே போயி வாங்கியிருக்கா. மேட்ச் பாக்கவும் வாறா. வெறுங்காலோட எப்படி எறங்குவேன்?"

"போட்டு ஆடிப் பாத்தியா?"

"பாத்தேன். பந்து எங்க இருக்குன்னே காலுக்குத் தெரியல."

நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பல்லுக்காக இல்லை, கப்புக்காக.

"மொதப் பாதி மட்டும் போட்டுக்கிறேன் மச்சான். அவ கண்ணு நெறையப் பாத்துக்கட்டும். அப்புறம் கழட்டிர்றேன்."

கோல் காக்கிறவர் குனிந்து மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார்.

"சரி, மாட்டிக்க. மொதப் பாதியில ஒரு பந்தும் உள்ள போகாம நான் பாத்துக்கிறேன்."