துமார் மறைத்த மருந்து

பாத்மா: …அந்தத் தாளை இப்படிக் குடு. எனக்குப் படிக்கத் தெரியாதா?

துமார்: ரெண்டு பேருக்கும் ஒரே முடக்குவாதம், ஒரே ரத்தப் பரிசோதனை. இதுல படிக்க என்னக்கா இருக்கு? வேன் கிளம்பிரப் போகுது.

பாத்மா: நாரின்ல எந்த வேன்டி நேரத்துக்குக் கிளம்பியிருக்கு? குடு. …அடியே, உன் இ.எஸ்.ஆர் ஐம்பத்தெட்டா? என்னைவிட ஜாஸ்தி!

துமார்: ஓரகத்திங்க இதுக்குமா போட்டி போடணும்?

பாத்மா: சிரிக்காத. என் தாளைப் பார்த்துட்டு டாக்டரம்மா என்ன சொன்னா தெரியுமா? “உடம்புல கொழுப்பு சேர்ந்தாலே இந்த அளவெல்லாம் ஏறும், மூட்டு அவ்வளவு மோசமில்ல, எடையைக் குறை”ன்னுட்டா. எனக்கு ஏறினா கொழுப்பு. உனக்கு ஏறினா மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு அவ்வளவு நேரம் பேச்சு!

துமார்: அவ்வளவு நேரமெல்லாம் இல்ல… சும்மா ரெண்டு வார்த்தை…

பாத்மா: கையைக் காட்டு.

துமார்: எதுக்கு?

பாத்மா: காட்டுடி. …பாத்தியா! வீக்கமே இல்ல. குளிர்காலத்துல டீக்கிண்ணத்தைப் பிடிக்க முடியாம அழுதவ, நேத்து நூடுல்ஸ் மாவை ஒத்தையாளா தேய்ச்சு முடிச்ச. “சின்ன மருமக கை சரியாயிருச்சு”ன்னு அத்தைக்கு வாயெல்லாம் பல்லு. எனக்கு உருட்டுக்கட்டை பாதியிலேயே நழுவுது.

துமார்: அத்தைக்கு உன்மேலயும் பாசம்தான்…

பாத்மா: என் தட்டு மேலதான் அவங்களுக்குக் கண்ணு. “இன்னொரு போர்சோக்கா, பாத்மா?” …பேச்சை மாத்தாத. ரத்தத்துல வீக்கத்தைக் காட்டுற அளவு ஏறுது, விரல்ல வீக்கம் வத்துது. இது எந்த ஊர் நியாயம்? பிஷ்கெக்ல இருந்து உன் அண்ணன் ஊசி அனுப்பினானா?

துமார்: அல்லா மேல ஆணையா இல்ல.

பாத்மா: அப்ப மாத்திரை.

துமார்: மாத்திரையை நிறுத்தியே ரொம்ப நாளாச்சு. டாக்டரம்மாவைக் கேட்டுத்தான்…

பாத்மா: நிறுத்தியாச்சா! எனக்கு ஒரு மாத்திரைகூடக் குறைக்கல… உனக்கு மொத்தமா… ஒரே அடுப்புல சமைச்சுத் திங்கிறோம்டி. பேரை மட்டும் சொல்லு. இந்தா, கம்மலைக் கழட்டித் தர்றேன்.

துமார்: ஐயோ, விடுக்கா… அழாத… டிரைவர் பாக்குறான்…

பாத்மா: பாக்கட்டும்! பேரைச் சொல்லு.

துமார்: மருந்து இல்லக்கா. …பிள்ளை. மூணு மாசம். பிள்ளைக்காகத்தான் மாத்திரையை முன்னாடியே நிறுத்தினது. மாசமா இருந்தா சிலருக்கு இந்த வலி தணியுமாம். ரத்தத்துல அந்த அளவு தானா ஏறுமாம். பிறந்தப்புறம் வலி திரும்பி வந்தாலும் வருமாம்… உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? நீ கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்தத் தொட்டில் உன் ரூம்லதானே காலியாக் கிடக்கு… ஏதாவது பேசுக்கா. திட்டவாவது செய்.

பாத்மா: புளிச்ச குதிரைப்பால் குமிஸ் வாடை பட்டதும் வாயைப் பொத்திக்கிட்டு லாயத்துக்குப் பின்னால ஓடினியே, அன்னைக்கே தெரியும்டி எனக்கு. மருந்தா இருக்கட்டும், மருந்தா இருக்கட்டும்னுதான் வேண்டிக்கிட்டு வந்தேன். மருந்துன்னா… நானும் கேட்டு வாங்கியிருப்பேன்.