சுண்டுவிரலில் ஒரு குழாய்

டோர்ட்மண்ட் ட்ராமில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள். இளையவருக்கு அன்று அகதி விசாரணை. அவருடைய இடது சுண்டுவிரலில் ஒரு செப்புக் குழாய்த் துண்டு இருந்தது.

“உந்தக் குழாயைக் கழட்டு. கிற்றார் வாசிக்கிறனெண்டு அங்க வாய் திறந்திடாதை.”

“ஏன் அண்ணை?”

“ஆமி முறிச்ச விரல் இனி மடங்காதெண்டுதானே அன்ட்ராக்கில, அந்த அகதி விண்ணப்பத்தில, எழுதிக் குடுத்தனீ? மடங்காத விரலால என்னெண்டு வாசிக்கிறாயெண்டு கேப்பினம்.”

“இதுக்கு விரல் மடங்கத் தேவையில்லை. என்ர கசெற்றில வாசிக்கிற அந்த அமெரிக்கக் கறுப்பர், விரலைக் குழாய்க்குள்ள விட்டுக் கம்பிக்கு மேலால வழுக்கிக்கொண்டு போறவர். அவரைக் கேட்ட பிறகுதான் நான் திரும்பக் கிற்றாரைத் தொட்டனான்.”

“விசாரிக்கிறவை நம்பமாட்டினம்.”

“அவை எங்கட அறைக்கு வந்து கேக்கேல்லையே. நீங்கள் ஒவ்வொரு நாளும் கேக்கிறியள்.”

“அதுதான் தம்பி. நீ வாசிக்கிற வடிவைக் கேக்கேக்க, எனக்கே சந்தேகமாக் கிடக்கு.”

இளையவர் குழாயைக் கழற்றி மற்றவரின் கையில் வைத்தார். விரலையும் நீட்டினார்.

“இந்தாங்கோ. மடக்கிப் பாருங்கோ.”

அவர்கள் இறங்கும் வரை அந்த விரல் நீட்டியபடியே இருந்தது. மூத்தவர் அதைத் தொடவில்லை.