கையைக் கெஞ்சியவள்

கல்லூரியில் வருகை எடுக்கும்போது 'பிரசன்ட்' என்று சொல்லவே எனக்குக் குரல் வராது. விலங்கியல் படித்தேன், முன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதி நாள் ஆப்சென்ட் ஆனேன். அப்படிப்பட்டவள் ஓர் அரங்கம் நிறைய டாக்டர்கள், கவுன்சிலர்கள் முன்னால் கைதட்டல் வாங்கினேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம், மேடம். போலீஸ் ஸ்டேஷனில் சிரிக்கக் கூடாது என்று சட்டமில்லையே.

மனநல ஆலோசகர்கள் ஒருமுறை படித்ததோடு விட்டுவிட முடியாது. அவ்வப்போது பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து படிப்பைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். திருப்பதியில் அந்த வகுப்புகளை விஜயராகவன் சார் நடத்துகிறார். இங்கே வைத்தால் ஆள் சேரும். காலையில் மன அழுத்தம், மாலையில் தரிசனம். நான் நாற்காலி போடவும் தேநீர் கொடுக்கவும் சேர்ந்தவள். ஒரு ஞாயிறு, ஆலோசகர்கள் கேள்வி கேட்டுப் பழகுவதற்காக நோயாளியாக நடிக்க வேண்டிய பெண் மலையில் தரிசன வரிசையில் மாட்டிக்கொண்டாள்.

"தேவசேனா, நீ எப்பவுமே அப்படித்தானேம்மா இருக்கே. சும்மா போய் உக்காரு, போதும்" என்றார் சார்.

சும்மா உட்காரத்தான் போனேன். கேள்வி கேட்டதும் என் வாயில் ரோஜா வந்தாள்.

ரோஜா என் விடுதி அறைத்தோழி. நகரிக்காரி, வீட்டில் விசைத்தறி. இங்கே புடவைக் கடையில் வேலை. அப்போது அவள் சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். சீப்பின் பற்களை நகத்தால் வருடிக்கொண்டே, லேசாகச் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "தலை வாரணும்னு கையைக் கெஞ்சிக்கினு கீறேன்க்கா. அது வரமாட்டேங்குது."

அதைச் சொன்னேன். சிரிப்பையும் சேர்த்துச் சொன்னேன். அரங்கமே கைதட்டியது.

நடிப்பு முடிந்ததும் வேடத்தைக் கழற்ற ஒரு வழக்கம் உண்டு. எழுந்து நின்று, "நான் தேவசேனா. இது என் கதை இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நடித்தவரின் மனம் கெட்டுவிடக் கூடாதாம். எந்த வாக்கியமும் அதுவரை என் வாயில் அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

அடுத்த வகுப்பிலிருந்து நான்தான் நோயாளி. புது வகுப்புக்குப் புது வசனம் வேண்டும். ஆகவே ரோஜா பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்டேன். அவளும், "நீ ஒருத்திதான்க்கா நான் சொல்றதக் கேக்குறே" என்பாள். அவளைப் போலவே ஒரு சீப்பும் வாங்கிக்கொண்டேன்.

"டாக்டராண்ட போலாமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கொஞ்ச நாள் பாக்கலாம்டி. தானா சரியாப் பூடும்."

அப்படி ஒருபோதும் சொல்லக் கூடாது என்று வகுப்பில் முதல் பாடமாகவே சொல்வார்கள். நான் அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன். தவிர, நான் அறிவியல் பட்டதாரி, பெருக்கிப் பார்த்தேன். ஒரு ரோஜாவை வைத்து இத்தனை ஆலோசகர்கள் கற்கிறார்கள், அவர்களிடம் எத்தனை நோயாளிகள் வருவார்கள். கணக்கு சரியாகவே வந்தது.

சாருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வகுப்பை முடிக்கும்போது எச்சரிப்பார்: "என்னைக்காவது உங்க கிளினிக்குக்கு ஒரு பேஷண்ட் வருவா. உங்களைச் சோதிக்க நான் அனுப்பினவளா இருக்கலாம். ஜாக்கிரதை." என் முகம் தெரிந்துவிட்டதால் வேறு பெண்களை அனுப்புவார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நான். அதே வார்த்தை, அதே சீப்பு.

கடைசியில் ரோஜா தானாகவே லீவு போட்டுவிட்டு, யாரிடம் போகலாம் என்று கேட்டாள். சித்தூர் பிரமிளா மேடத்தின் பெயரைச் சொன்னேன். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து என் ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டவர். இதில் வஞ்சகம் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களில் நல்லவர் அவர்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்த ரோஜா செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கை சும்மா இருக்காதேன்னு சீப்ப எடுத்துக்கினு போயிருந்தேன்க்கா. கையைக் கெஞ்சிக்கினு கீறேன்னு சொன்னேன். அந்தம்மா பக்குனு சிரிச்சிட்டாங்க. 'நல்லா பண்றேம்மா, சீப்பக்கூட மறக்கலையே. நான் பாஸான்னு சாரைக் கேட்டுச் சொல்லு'ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. யாருக்கா அந்த சாரு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல ஒரு போன் போதும். போன் கையில்தான் இருந்தது. ஆனால் அது யாருடைய பேச்சு என்று பிரமிளா மேடம் கேட்பார், சாரிடம் சொல்வார். அந்த ஞாயிறு வகுப்புக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதாக இருந்தது. எனக்கு வேறு எதற்கும் யாரும் கை தட்டியதில்லை, மேடம். கெஞ்சியிருந்தால் என் கையும் வந்திருக்கலாம். நான் கெஞ்சவில்லை.

"எத்தினியோ பேரப் பாத்தவங்க. சிரிக்கிறாங்கன்னா உனக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்டி" என்றேன்.

அவள் சீப்பை மடியில் வைத்தாள். "அப்ப நான்தான் நடிக்கிறேனாக்கா?"

அப்போது அவள் சிரிக்கவில்லை. குரல் எந்த இடத்தில் தாழ்ந்தது என்று கவனித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் கடைசி வசனமாகச் சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

விடுதிக்குத் திரும்பியபோது அவளுடைய போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் சீப்பு என் தலையணைமேல் இருந்தது. எனக்குக் கொடுத்த பரிசு என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் சந்திரகிரிப் பக்கம் அவள் உடலைக் கண்டெடுத்து, என்னைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னது நீங்கள்தான். அவள் தலை வாரியிருந்தாள்.

பிரமிளா மேடத்தை விசாரிக்க வேண்டாம். அவர் பயிற்சியில் கற்றதைச் செய்தார். ரோஜாவைப் பார்த்தால் பொய் என்று நினைக்கும்படி ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். டாக்டரிடம் போகாமல் தடுத்தவளும், போய்வந்த பின் ஒன்றுமில்லை என்றவளும் நான்தான்.

எழுதிவிட்டீர்களா? முடிந்ததும் எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். தப்பாக நினைக்காதீர்கள்.

நான் தேவசேனா. இது என் கதை இல்லை.