நடுவில் வைக்கிற அட்டை

இல்லீங்க தம்பி, செல்லு மட்டும் மேல வேண்டாமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தா, எங்கூட்டுக்காரி மயிலாள்கிட்டக் குடுத்துட்டு வாங்க, சமையக்கட்டுல பத்திரமா வெச்சிருப்பா. யாராச்சும் கூப்பிட்டா எடுத்து, மேல இருக்காருன்னு சொல்லீருவா. உங்களுக்குன்னு இல்லீங்க, எங்கூட்டுச் சட்டமே அதுதான். பேங்க் மேனேஜரு வந்தாலுஞ் சரி, செருப்பு வாசல்ல, செல்லு கீழ. ஏன்னா இன்னைக்குக் காலையிலதான் ஏஞ்சல் மீனு முட்டை போட்டிருக்குது.

வாங்க, வாங்க. குனிஞ்சு வாங்க, கதவு நெலவு தலையில இடிக்கும். அந்தச் சேர இழுக்காதீங்க, தூக்கிப் போட்டு உக்காருங்க. அப்படித்தான்.

தெரியுதுங்களா? அந்த பிளாஸ்டிக் பைப்பு மேல, கடுகு ஒட்ட வெச்சாப்புல. ரெண்டும் பக்கத்துலயே நின்னு செட்டையில விசிறிக்கிட்டே இருக்கும். புள்ளத்தாச்சிக்குக்கூட இப்படி யாரும் விசிறமாட்டாங்க. ஆனா இந்தச் சாதிக்கு ஒரு கொணம் இருக்குதுங்க. பயந்துச்சுன்னு வெய்யுங்க, போட்ட முட்டைய அதுகளே தின்னுரும். போன தடவ சன்னல்ல ஒரு பூனை குதிச்சுது, அவ்வளவுதான். நான் எந்திரிச்சு சன்னலச் சாத்திட்டு வர்றதுக்குள்ள பைப்பு தொடச்சு வெச்சாப்புல ஆயிருச்சு. ஆயும் அப்பனும் சேந்துதான். எவனோ திங்கறதுக்கு நாமளே தின்னுக்கலாம்னு நெனைக்குமோ என்னமோ. அது பாசமா வெறியான்னு நானும் இதே சேர்ல உக்காந்து வருசக்கணக்கா யோசிக்கறேன். பிடிபட மாட்டேங்குதுங்க.

அதனாலதான் செல்லு வேண்டாம்ங்கறது.

சரி, வந்த சோலியப் பேசுவோம். நாந்தான காலையில கூப்பிட்டேன். திருமூர்த்தி எதுக்குக் கூப்பிடறாரு, ஆள் வெச்சு அடிக்கவான்னு பயந்திருப்பீங்க. பயப்படாமயா? உங்க கொரலே அப்படித்தான் இருந்துது. நீங்க தரணியக் கட்டிக்கோணும்ங்கறீங்க. எம்பட புள்ள, கட்டுனா ஜெபக்குமாரத்தான்ங்கறா. ரெண்டு பேரும் வெவரம் தெரிஞ்ச வயசு. நான் குறுக்க நின்னா நாளைக்கு எம்மூஞ்சிலயே முழிக்கமாட்டீங்க. அதான், உக்காந்து பேசிக்கலாம்னேன்.

அவகிட்டச் சொல்லலையே? நல்லது. நாஞ் சொன்னதுதான் சரிங்க. போன்ல சொல்லிட்டா சப்புன்னு போயிரும். நேர்ல போய் நில்லுங்க, உங்கப்பன் ஒத்துக்கிட்டாருன்னு சொல்லுங்க, அப்ப அவ மொகத்தப் பாருங்க. அதுக்கோசரந்தான் மறைக்கச் சொன்னேன்.

உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க. நம்ம பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தப்பவே பாத்திருக்கறனே, உங்க கை பட்டு ஒரு டேமேஜ் பீஸும் பெட்டிக்குள்ள போனதில்ல. ஊசி ஓட்டையக் கூடப் புடிச்சுருவீங்க. இந்தத் தொட்டியெல்லாம் மேல ஏத்தறதுக்கு ஆள் வேணும்னப்ப, நம்பிக்கையான பையன்னு நாந்தான உங்களக் கூட்டியாந்தேன். அன்னைக்குத்தான அவ மோர் கொண்டாந்து குடுத்தா. எந்தொட்டியில நானே கொண்டாந்து விட்டது. சிரிங்க, சிரிங்க. நானும் நெனைச்சு நெனைச்சுச் சிரிச்சாச்சு.

அக்கட்ட இருக்கறதா? அது ஆஸ்கர் மீனுங்க. கருப்பா, மூஞ்சி உம்முன்னு, அவந்தான். அழகுக்கு வெச்சிருக்கல, கழிச்சதத் தீனியாப் போடறதுக்கு வெச்சிருக்கேன். குஞ்சு கொஞ்சம் பெருசானதும் வெள்ளத் தட்டுல ஊத்திப் பாப்பேன். முதுகு கோணலு, செட்டை கொறை, கலரு வேற, இதெல்லாம் தனியா எடுத்து அக்கட்ட ஊத்திருவேன். உங்க செக்கிங்குதான், என்ன, அங்க அரை வெலைக்காச்சும் போகும், இங்க அதுவும் இல்ல. மொதல்லயெல்லாம் கண்ண மூடிக்கிட்டு ஊத்துவேன். தரணி சின்னதுல அழுவா. அப்பா, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்பா. இருந்தா சும்மாவா இருக்கும்? பெருசாகும், நல்லதுகூடச் சேரும். அப்பறம் எல்லாமே அரைகொறையா நிக்கும். நெனைச்சுப் பாத்தா எனக்கே என்னமோ ஆகும், ஆனா கை நிக்காதுங்க.

வாங்க மச்சான், டீயக் குடுங்க. இவரத் தெரியுமில்ல, லிங்கசாமி, மயிலாளுக்குக் கூடப் பொறந்தவரு. குடிங்க தம்பி. ஏலக்கா போட்டிருக்கா, ஒறம்பரை வந்தாத்தான் போடுவா.

மச்சான், ஒரு போட்டோ புடிங்க, முட்டை தெரியறாப்புல. உங்க செல்லுல சத்தம் வராதில்ல? ஆமாங்க தம்பி, மீன் வளக்கறவங்க குரூப்பு ஒண்ணு வெச்சிருக்கோம், அதுல போடுவாரு. இன்னும் கிட்ட வாங்க. டம்ளரக் கீழ வெக்காதீங்க, கையிலயே இருக்கட்டும். எம்பட தோள்ல கை போடுங்க, கூச்சப்படாதீங்க, நாளைக்கு மாமன்னுதான கூப்பிடப் போறீங்க. இப்பச் சிரிச்சீங்க பாருங்க, அதுதான். விழுந்துருச்சுங்களா மச்சான்? விழுந்துருச்சு.

ஏனுங்க, அடிக்கொருக்கா மணியப் பாக்கறீங்க? பல்லடத்துல சோலியா? போலாங்க. வீரபாண்டியில இருந்து பல்லடம் என்ன சீமையா, வண்டிய முறுக்குனா போயிரலாம். டீய ஆறவிடாதீங்க.

ஒண்ணு கேக்கறேன். பெரியவங்க இல்லாம கண்ணாலப் பேச்சு எடுக்கறது மொறையில்ல. உங்கப்பா அந்தோணிராஜு ஊர்லதான இருக்காரு? சாத்தான்குளத்துப் பக்கம்னு சொன்னீங்க. அவரையும் அம்மாவையும் ஒட்டுக்காக் கூட்டியாந்துருங்க. இன்னைக்குப் பொழுதோட பஸ்ஸு இருக்குமில்ல? போறீங்களா? மனசோடதான சொல்றீங்க? அட, இம்புட்டு லேசா முடியும்னு நான் நெனைக்கல. மச்சான், கேட்டுக்கிட்டீங்கல்ல? தம்பி இன்னைக்கே ஊருக்குப் போறேனுட்டாரு. மயிலாள்கிட்டயும் சொல்லீருங்க.

போகட்டும், அவருக்கு வேற சோலி கெடக்குது. காரச் சித்தெ தள்ளிப் போயி ஸ்டார்ட் பண்ணுனாத் தேவல, இந்தா, சத்தத்துக்கு அதுக ரெண்டும் திரும்புது பாருங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, விசிறுங்க.

இந்தப் பக்கத்துத் தொட்டியப் பாக்கலையே நீங்க. ஒத்தையா ஒருத்தன் நிக்கறானே, இவன். தண்ணி கெட்டுப் போகல தம்பி, எல்லாத்துக்கும் ஒரே ஆத்துத் தண்ணிதான். போர்த் தண்ணியில ஏஞ்சலு நிக்குமா, நம்மூரு போர்ல சாயமில்ல வரும். முட்டை போட்டிருக்காளே, அவளுக்கு இவன் மொத சோடிங்க. ஏஞ்சல்ல நாம சோடி சேக்க முடியாது. குஞ்சாவே ஒரு ஆறேழ ஒட்டுக்கா விட்டு வளத்தோணும். அதுகளாத்தான் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும். இவள நான் காசு பாக்காம வாங்கியாந்து வளத்தேன். செட்டையப் பாருங்க, பட்டுத் துணியாட்டம் தொங்குது. இவன் யாரு? எவனோ கடையில ஒண்ணுக்கு ஒண்ணு இனாம்னு கூடப் போட்டு உட்டவன். கொலம் கோத்திரம் தெரியாதவன். ஆனா பாருங்க, அவ இவனத்தான் புடிச்சா. அம்புட்டு நல்லது நிக்குது, ஏறெடுத்தும் பாக்கல.

என்ன பண்றது? புடிச்சு வெளிய எடுத்தா அவ சாப்பிடமாட்டா, ஒடம்பு தேஞ்சு போகும். அவனக் கொன்னா நமக்குப் பாவம். அதுக்கு ஒரு வழி இருக்குது. தொட்டிக்கு நடுவுல ஒரு அட்டைய எறக்கோணும். கருப்பு பிளாஸ்டிக் அட்டை, டெலிவரி பெட்டிக்குள்ள வரும்ல, அது. ரெண்டும் அந்தந்தப் பக்கந்தான், ஒரே தண்ணிதான், ஆனா பாத்துக்க முடியாது. அவ நெனைப்பா, அவனே போயிட்டான்னு. நாம ஒதுக்குனோம்னு தெரிஞ்சா முட்டி முட்டிச் சாகும். அதுவாப் போயிருச்சுன்னு நெனைச்சா அமைதியாயிரும். அங்கதானுங்க சூட்சுமம் இருக்குது. அப்பறம் அவன வேற தொட்டிக்கு மாத்திட்டு, நல்லதாப் பாத்து நாம ஒண்ண விட்டா, சேந்துக்கும். இந்தா, இன்னைக்கு முட்டை போட்டிருக்கா பாருங்க. இது ரெண்டாவது புருசன்.

இவனா? சாகலீங்க. கொஞ்ச நாளைக்குத் தீனி எடுக்கமாட்டான், மூலையிலயே நிப்பான். அப்பறம் புழு போட்டா மேல வருவான். மீனுதானுங்களே.

வா மயிலா, காதுல சொல்லு... ம், சரி, டம்ளர எடுத்துக்கிட்டு, கதவச் சாத்திட்டுப் போ.

ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க கண்ணு. இன்னுங் கொஞ்சந்தான்.

நீங்க நல்ல பையன். அதுதான் எனக்குத் தொந்தரவே. கெட்டவனா இருந்திருந்தா ஆள் வெச்சு அடிச்சுத் தொரத்திருப்பேன், தொரத்திட்டு நிம்மதியாத் தூங்கியும் இருப்பேன். எஞ்சொந்தத்துல உங்களாட்டம் ஒருத்தன் இல்லீங்க, சத்தியமாச் சொல்றேன். அப்பறம் எதுக்குத்தான் வேண்டாம்ங்கறேன்னு எனக்கு நானே கேட்டுப் பாத்தேன். கோயில்ல பங்காளிக மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு ஒரு பதிலு வருது. அது ஒரு பதிலான்னு இன்னொருக்காக் கேட்டேன். அதே பதிலுதான் மறுபடியும் வருது. இந்த அம்பத்தஞ்சு வயசுல உள்ள தோண்டித் தோண்டிப் பாத்தா அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லீங்க.

பல்லடம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இன்னைக்கு உங்க கண்ணாலத்துக்கு நேரம் குடுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். நோட்டீஸ் ஒட்டுன அன்னைக்கே அங்க இருந்து ஒருத்தரு கூப்பிட்டுச் சொல்லீட்டாரு. தரணி டைலர்கிட்டப் போறேன்னு சொல்லிட்டுக் காலையில கெளம்புனப்ப, மயிலாள் பூ வெச்சு உட்டா. பல்லடம் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு இருந்தா. நின்னுட்டு இருந்தான்னு நடந்து முடிஞ்சாப்புலதான் சொல்லோணும்.

உங்களுக்குத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கறா. நீங்க படியேறி வந்த கொஞ்ச நேரத்துலயே அடிச்சுது. நாலஞ்சு தடவ விட்டுப்போட்டு அப்பறம் மயிலாள் எடுத்தா. பொய் ஒண்ணுகூடச் சொல்லக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். அவளும் சொல்லல. ஜெபக்குமார் மேல அப்பாகூட டீ குடிச்சிட்டு இருக்காரு அம்மிணி. அப்பா கூப்பிட்டாரு, வந்தாரு. பேசி முடிச்சுட்டாங்க, இன்னைக்குப் பொழுதோட பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேனுட்டாரு. அவ்வளவுதான் சொன்னா. இதுல எது பொய்யி? நீங்களே சொல்லுங்க.

அவ நம்பல. எம்புள்ள உடனே நம்புவாளா? செல்ல அவருகிட்டக் குடும்மான்னு கத்தியிருக்கறா. அப்பத்தான் மச்சான் போட்டோவ அனுப்புனாரு. டம்ளரும் கையுமா, எந்தோள்ல கையப் போட்டுக்கிட்டு, நீங்க சிரிச்சீங்க பாருங்க, அந்தச் சிரிப்பு. அங்க அவ வெய்யில்ல நிக்கறா, இங்க நீங்க சிரிக்கறீங்க. அதுக்கப்பறம் அவ கூப்பிடவே இல்லியாம்.

யாரும் கையப் புடிச்சு இழுக்கலீங்க. கார் கெளம்புச்சே, கேட்டீங்கல்ல, அது பல்லடத்துக்குத்தான் போச்சு. இந்நேரம் மச்சான் காரக் கொண்டுபோயி அவ முன்னால நிறுத்திருப்பாரு, அவளே கதவத் தொறந்து ஏறிருப்பா. ஏறுவா. எனக்கு அவளத் தெரியும், ரோசக்காரி. ஏறுனா ஒரு வார்த்த பேசமாட்டா. வெள்ளகோயில்ல மாப்பளையூட்டுக்காரங்க வெத்தல பாக்கோட உக்காந்திருக்காங்க. சரின்னுதான் சொல்லுவா. உங்க மேல இருக்கற கோவத்துலயே சொல்லுவா. எம்பேச்சுக்கு ஒருநாளும் அவ சரின்னதில்ல.

தம்பி, தம்பி, சேர... அட, சேர ஏனுங்க உதைச்சீங்க? கத்தாதீங்க, கதவு வெளிய பூட்டியிருக்குது, மயிலாள் வந்து தொறப்பா. என்ன அடிக்கறதுன்னாலும் அடிங்க, கை ஓங்கீட்டு எதுக்கு நிக்கறீங்க.

போச்சு. இந்தா, பைப்பப் பாருங்க. மொதல்ல அவ, இப்ப அவனும். ரெண்டும் மாத்தி மாத்தி. நான் சொன்னன்ல.

கொஞ்ச முன்ன வரைக்கும் விசிறிக்கிட்டு இருந்துதுங்க.

மயிலா... அந்தத் தம்பி செல்ல மேல கொண்டா. பரவாயில்ல, கொண்டா. இனி சத்தம் வந்தா ஒண்ணுமில்ல.