திடலில் பறித்த கீரை

"ஜன்னலைத் திறந்தா உங்களுக்குப் பச்சையாத் தெரியணும், அதுக்காக நாங்க காலம் பூரா..."

"யாருடி ஜன்னலுக்காகப் பேசறது? இத்தனை பேரும் மூச்சு விடறதுக்கு இருக்கிறது அந்த ஒரு இடம்..."

"மூச்சு அப்புறம் விடலாம்க்கா. மொதல்ல காலை நீட்டிப் படுத்துக்கறோம். உங்களுக்காவது ஜன்னல் இருக்கு. எனக்குத் திறக்கறதுக்கே ஒண்ணும் இல்ல."

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. நானும்தான் சிரித்தேன். தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கை சுத்தம். நான் போட்டிருக்கும் இந்த ரவிக்கைகூட அவள் தைத்ததுதான் தம்பி, தோள்பட்டையில் எங்கேயாவது இழுக்கிறதா பாருங்கள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

திடலை நீங்களே பார்த்தீர்கள். நிழலுக்கு நாலைந்து மரம், உட்கார பெஞ்சு, ஓரமாக அக்கம்பக்கத்தார் சேர்ந்து போட்ட கீரைப் பாத்தி. அங்கே வீடில்லாதவர்களுக்கு நாலு மாடி கட்டப்போகிறோம் என்று நகராட்சியில் சொன்னார்கள். தையல்காரிக்கும் ஒரு வீடு வருவதாக இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரே அறையில் அவள், புருஷன், மகள், மாமியார். மெஷினை நகர்த்தினால்தான் மாமியாருக்குப் பாய் விரிக்க முடியும். எனக்குத் தெரியாதா என்ன? வேறு இடத்தில் கட்டிக்கொடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்டார்கள். அதைக் கண்டுபிடிப்பது என் வேலையா?

நகராட்சியில் இதைக் கவனிக்கிற அதிகாரிக்கு எங்கள் தெருவில் 'பார்க்கலாம்' என்றே பெயர். வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது.

"சார், எங்க ஆட்சேபணை என்னாச்சு?"

"பதிவு பண்ணியிருக்கோம்மா."

"பதிவு பண்ணி?"

"பார்க்கலாம்மா."

நடையாய் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்று, உட்காரச் சொல்வார்களா என்று பார்த்து, உட்காராமலே திரும்பி வந்தேன். கடைசியில் என்னை விரட்டினால் போதும் என்று ஆகி, அவரே சொன்னார்: "மண்ணு பரிசோதனையில ஏதாவது கோளாறுன்னாத்தான்மா இது நிக்கும். வேற எதுக்கும் நிக்காது."

வழி காட்டியது அவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். அவர் போன பிறகு கடையை விற்றேன். விற்கக்கூடாது என்று தடை போட்ட மருந்தை மட்டும் யாரும் வாங்கவில்லை, பரண்மேல் கிடந்தது. அதைத்தான் பூவாளியில் கலந்து ஊற்றினேன். ஒளிந்து மறைந்து செய்யவில்லை. காலை வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க. திடலுக்குத் தண்ணீர் விடுவது என்றைக்குமே நான்தானே. நடக்க வந்தவர்கள், "நீங்க இல்லேன்னா இது எப்பவோ காஞ்சு போயிருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பாத்தியில் மண் இளகியிருக்கும், சோதனைக்கு அள்ளுகிறவன் அங்கேதான் அள்ளுவான் என்று அங்கே கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன். காலி டின்களைத் திரும்பப் பரணிலேயே வைத்தேன். அந்தமாதிரிச் சாமானைத் தெருவில் எறிவது தப்பு. டின்னில் கடைப் பெயர் இருந்ததால் உங்கள் போலீசுக்கும் தேடுகிற சிரமம் இல்லாமல் போயிற்று.

அன்றைக்கே நகராட்சிக்குப் போய், மண்ணை எடுத்துப் பாருங்கள் என்று நானே சொன்னேன்.

"அடுத்த மாசம் பார்க்கலாம்மா."

அவர் உடனே வந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. அதை ஏன் யாரும் அவரிடம் கேட்பதில்லை என்று தெரியவில்லை. கீரையைப் பறிக்காதீர்கள் என்று ஓர் அட்டை எழுதி மாட்டலாமா என்றுகூட நினைத்தேன். ஏன் என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வது?

இரண்டாம் நாள் தையல்காரி வந்தாள். ஹாலில் போட்ட சண்டைக்குப் பிறகு அவளாகத்தான் படியேறி வந்தாள்.

"கோவம் போச்சாக்கா? இந்தாங்க. உங்க கையால தண்ணி ஊத்தின கீரை. இளசாப் பாத்துப் பறிச்சேன்."

"எதுக்குடி இதெல்லாம்?"

"எனக்கு ஒரு பிடி, உங்களுக்கு ஒரு பிடி. வீடு வந்தாலும் வராட்டியும் நாம மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியக்கூடாது, ஆமா."

வாங்கிக்கொண்டேன். ஆசையாய்க் கொடுப்பதை வேண்டாம் என்றால் மனசு நோகும். அவள் போனதும் ஒரு பையில் போட்டு, இரண்டு முடிச்சாய்ப் போட்டுக் குப்பைத் தொட்டியில் வைத்தேன். தெருநாய்கள் கிளறும். வாயில்லா ஜீவன்கள், பாவம்.

கவனியுங்கள் தம்பி. நான் பறிக்கச் சொல்லவில்லை. நான் கொடுக்கவில்லை. தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் போன் பண்ணினாள். ஆமாம், அதையும் சொல்கிறேன்.

"அக்கா, கீரை ஒரு மாதிரி வாடை அடிக்குது. அத்தை வேணாங்கறாங்க. கொட்டிடட்டுமா?"

நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில், பெஞ்சில் யாரோ பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டு என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் விடமாட்டாள், அவள் வாய்தான் தெரியுமே. யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் நகராட்சி மனிதர் அடுத்த மாதம் வரை காத்திருக்கமாட்டார் என்றும் தோன்றியது. மறைப்பானேன். வயிற்று வலி வரைக்கும்தான் நினைத்தேன்.

"எரு வாடையா இருக்கும்டி. நான் சாப்பிட்டேனே, ஒண்ணும் இல்ல. மாமியாருக்குக் கூட ரெண்டு கரண்டி போடு."

இருந்ததே கொஞ்சம். தனக்கும் புருஷனுக்கும் வைத்துக்கொள்ளாமல் கிழவிக்கும் பிள்ளைக்கும் போட்டுவிட்டாள். எப்போதும் அப்படித்தான் அவள். மாமியார் சாயங்காலமே போய்விட்டார். வயதானவர். மகள் இன்னும் கண் திறக்கவில்லை என்கிறார்கள்.

மறுநாள் காலையிலேயே அந்தப் 'பார்க்கலாம்' ஆட்களோடு வந்து மண்ணை அள்ளிக்கொண்டு போனார். என் செருப்பு தேய்ந்தும் நகராத மனிதர். கட்டடத்தை நிறுத்திவிட்டார்கள். வேலி போட்டு, யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது, எத்தனை வருஷத்துக்கு என்று சொல்ல முடியாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். திடல் பிழைத்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கியபடியே. கழற்றத் தோன்றவில்லை போல. அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் அதைத்தானே சாப்பிட்டீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"