பள்ளிக்கூடத் தெருவில் நின்ற போர்வெல் லாரி

நேற்றுப் பிற்பகல் திருச்செங்கோட்டில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு போர்வெல் லாரி, இன்ஜின் ஓடியபடியே நின்றது. அதன் முதலாளியிடம் வார்டு கவுன்சிலர் அம்மா பேசிக்கொண்டிருந்தார். முதலாளி சொன்னது என் காதில் விழுந்தது.

"டீசல் புகை எனக்குச் சாம்பிராணி மாதிரிங்க, அம்மிணி."

"நல்லாச் சாமி கும்புடுறீங்க, போங்கண்ணா. உள்ள புள்ளைங்க இருமுதுங்க."

"எங்கப்பா வடக்க போர் போடப் போனா, திரும்பி வர ஆறு மாசமாகுமுங்க. நான் இதே பள்ளிக்கூடந்தான். வகுப்புக்குள்ள புகை வந்துச்சுன்னா, அப்பா வந்துட்டாருன்னு வாத்தியாரக்கூடக் கேக்காம ஓடியாருவேன். இன்னைக்கும் அந்த வாசம் வந்தா மனசு ஓடுதுங்க."

"அன்னைக்கு ஒரு வண்டி. இன்னைக்கு வரிசையா நிக்குது. நகராட்சியில தீர்மானம் போடுறோம், இந்தத் தெருவுல இனி லாரி நிக்கக்கூடாது. பைபாஸ்ல எடம் தாரோம். நீங்க சொன்னா மத்த வண்டிக்காரங்க கேப்பாங்க."

"ஏர் பிரேக்குக்குக் காத்து ஏறோணுமே? இன்ஜின் ஓடித்தானுங்க ஆகோணும்."

"அத அங்க ஏத்துங்க. உள்ள படிக்கிற உங்க பேத்திக்கு மூச்சு இழுக்குதுன்னு, உங்க மருமக வந்து டீச்சர்கிட்ட அழுதுட்டுப் போச்சு."

"எங்கிட்ட யாரும் சொல்லலீங்களே!"

"உங்ககிட்டச் சொல்லப் பயமாம்."

முதலாளி வண்டியில் ஏறி இன்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்து மெல்லச் சொன்னார்.

"எல்லார்கிட்டயும் நானே பேசுறேனுங்க. இப்ப ஊட்டுக்குப் போயி இந்தப் புகை புடிச்ச சட்டைய மாத்தீட்டு வாரேன். பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா வந்து கட்டிக்கும்."