ஊசி மாற்ற ஒருவர், கேட்க ஒருவர்

மேடையில் வீற்றிருக்கும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத் தலைவர் தோன் ஹெர்மின்சுல் அவர்களே, பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த டாக்டரின் மனைவி தோன்யா நூபியா அவர்களே, நம் காலி மாநகரத்தின் இசைப் பித்தர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். இன்று மழை வரும் என்றேன், வந்தது. மைக் கரகரக்கும் என்றேன், கரகரக்கிறது. பல் மருத்துவர் டாக்டர் ஒல்மேதோ லுக்குமி எனக்கு முன்னால் போவார் என்றும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அர்பேய், சிகரெட் குடிக்கிறது நீங்க, சாகிறது நானா?" என்று கேட்டார். ஒரு புட்டி அகுவார்தியெந்தே சாராயம் பந்தயம் கட்டினோம். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்து என்ன? அந்தப் புட்டியை யாரோடு உட்கார்ந்து குடிப்பேன்?

அன்பர்களே, நான் லாரி டயர் விற்றவன். படிப்பு ஐந்தாம் வகுப்பில் நின்றுவிட்டது. ஆனால் என் காது அப்படியல்ல. என் காதைச் சோதிக்க வானொலி நிலையத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தார்கள். மூன்று முறையாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இந்தப் பள்ளத்தாக்கில் டாக்டர் ஒல்மேதோவைப் போல இசைத்தட்டு ஊசியை அறிந்தவர் எவருமில்லை. காந்தம் அசையும் ஊசி எது, கம்பிச்சுருள் அசையும் ஊசி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர் யார்? டாக்டர் ஒல்மேதோ. பல்லைப் பார்க்கும் கண்ணாடியால் ஊசிமுனையைப் பார்த்து, "சொத்தை விழுந்திருக்கு, பிடுங்கிடலாம்" என்றவர் யார்? அவரும் டாக்டர் ஒல்மேதோதான். ஒருமுறை தபால்காரர் ஒருவர் வாயைத் திறந்தபடி நாற்காலியில் காத்துக்கிடந்தார். இவரோ பக்கத்து அறையில் ஊசியின் எடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் வாயை மூடாமலேயே தாளம் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் வீட்டில் கூடுவோம். விதி ஒன்றுதான். ஒருவர் துணித்திரைக்குப் பின்னால் நின்று டர்ன்டேபிளில் ஊசியை மாற்றி மாற்றிப் போட வேண்டும். மற்றவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எது நல்ல ஊசி என்று சொல்ல வேண்டும். விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது, பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. காது மட்டும்தான் சாட்சி.

பொகோத்தாவிலிருந்து ஒரு பொறியாளர் வந்த கதை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கு ஓர் ஊசி கொண்டுவந்தார். திரைக்குப் பின்னால் அவரே போய் நின்றார். பாட்டு தொடங்கியது. டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

"இந்த ஊசிக்கு உடம்பு சரியில்ல. பாடறவன் தூக்கத்துல பாடறான்."

"புது ஊசி, டாக்டர்."

"புதுசாவே செத்திருக்கு."

அறையே சிரித்தது. பொறியாளர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "தட்டுல முப்பத்துமூணுனு எழுதியிருக்கு. அந்த வேகத்துலதான் விட்டேன்" என்றார்.

"அது யாரு ஊரு வேகம்?" என்று கேட்டது நான்தான்.

நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் சுழல வேண்டிய தட்டை நாற்பத்தைந்தில் விட்டு, அந்த ஓட்டத்துக்குக் கால் போட்டு ஆடிய ஊரல்லவா நம்முடையது? நம் காதுக்கு அதுதானே சரியான வேகம்? அந்த நல்ல ஊசி பாவம், சரியான வேகத்தில் ஓடியதற்காக எங்களிடம் தோற்றுப்போனது.

அன்று உட்கார இடமில்லாமல் நின்றோம். பிறகு ஒருவர் மகளோடு ஸ்பெயினுக்குப் போனார். ஒருவர் போனிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றார். ஒருவருக்கு மாடிப்படி ஏற முழங்கால் இடம்கொடுக்கவில்லை. சிலர் கல்லறைக்குப் போனார்கள். கடைசியில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். பரவாயில்லை, மாற்ற ஒருவர், கேட்க ஒருவர். இரண்டு பேர் போதும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, அதே தட்டை டாக்டரே முப்பத்து மூன்றில் விட்டார். முழுப் பக்கத்தையும் கேட்டு முடித்தார்.

"இத்தனை வருசமா இந்த மனுசன ஓட விட்டிருக்கோம் அர்பேய். மெதுவா விட்டா எவ்வளவு வருத்தமாப் பாடறான் பாருங்க."

"உங்களுக்கு வயசாயிடுச்சு டாக்டரே" என்றேன் நான்.

அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு, பழக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். தோன்யா நூபியா கதவைத் திறந்துவிட்டார்கள். நானே திரைக்குப் பின்னால் போய் ஊசியை மாற்றினேன். ஓடிவந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எந்த ஊசி போட்டேன் என்பதை மறக்கப் பார்த்தேன். மறுபடி எழுந்தேன், மாற்றினேன், ஓடிவந்தேன். தோன்யா நூபியா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன பண்றீங்க அர்பேய்?"

"எது எதுன்னு மறக்கப் பாக்கறேன்."

"முடியுதா?"

முடியவில்லை, அன்பர்களே. என்னதான் பெரிய காது இருந்தாலும், தன் கையால் மாற்றிய ஊசியைத் தெரியாததுபோல் ஒருவன் கேட்க முடியுமா?

சற்றுமுன் தலைவர் அவர்கள், டாக்டரின் டர்ன்டேபிளும் ஊசிகளும் சங்கக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும் என்று அறிவித்தார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தெரியுமா? மருத்துவமனையில் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அர்பேய், அதைப் பெட்டில பூட்டிடாதீங்க. ஞாயித்துக்கிழமை நிக்கக் கூடாது. எல்லாரையும் கூப்பிடுங்க." அவருடைய கடைசி விருப்பம் அது. அதை நிறைவேற்றுவேன் என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன்.

தோன்யா நூபியா என்னைப் பார்க்கிறார்கள். அவர்களும் அந்த அறையில்தான் இருந்தார்கள்.

சரி. காது சோதனையை வேண்டுமானால் நம்புங்கள், தபால்காரர் தாளம் போட்டதையும் நம்புங்கள். மருத்துவமனையில் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்குப் பேச்சு நின்று இரண்டு நாளாகியிருந்தது. என் கையையும் பிடிக்கவில்லை, நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த விருப்பம் என்னுடையது.

பெட்டியில் வைப்பதா வேண்டாமா என்பதை இனி நீங்களே முடிவு செய்யுங்கள். வைக்கவில்லையென்றால், ஞாயிறு மூன்று மணிக்கு யாராவது ஒருவர் வந்து அந்தத் துணிக்குப் பின்னால் நில்லுங்கள். ஊசியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.